துக்கத்தோடு வேலைக்கு வருபவருக்குத் துணை நிற்போம்

ஒரு வீட்டில் சாவு நிகழ்ந்தால் ஊரே கூடிவிடுகிறது. பந்தல் போடுவதற்கும், பெட்டி ஒழுங்கு செய்வதற்கும், வருவோருக்குத் தேநீர் கொடுப்பதற்கும் கேளாமலே ஆட்கள் வருகிறார்கள். எட்டுச் செலவு வரை அடுப்பு மூட்ட அயலவர் விடுவதில்லை. முப்பத்தோராம் நாளுக்கும் உறவினர் வந்து நிற்கிறார்கள். இது எமது மக்களிடம் உள்ள பெருஞ்செல்வம். முகாமிலும், மரநிழலிலும், பிறர் காணியில் போட்ட கொட்டிலிலும் இருந்தபோதுகூட இந்த வழக்கத்தை நாம் கைவிடவில்லை.

ஆனால் பந்தல் பிரித்த பிறகு என்ன நடக்கிறது? அன்றாடம் கூலி வேலை செய்து பிழைக்கும் ஒருவர் எட்டு நாள் கழியுமுன்பே மண்வெட்டியோடு வரம்பில் நிற்கிறார். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண் காலை ஆறு மணிக்கே பஸ்சுக்குக் காத்து நிற்கிறாள். அரிசி ஆலையிலும், கல்லரியும் இடத்திலும், கடையிலும், சங்கப் பண்ணையிலும் துக்கத்தோடு வந்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். செத்தவீட்டில் அவர்களுக்குத் துணை நின்ற நாம், வேலைத்தலத்தில் அவர்களுக்கு எவ்வாறு துணை நிற்பது? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொந்தக் காணியும் கூலி வேலையும்

சொந்தக் கமம் செய்த காலத்தில் துக்கத்துக்கு நிலம் இடம் கொடுத்தது. வீட்டுக்காரர் துடக்கோடு இருந்தால் தமையனோ மச்சானோ போய்த் தண்ணீர் மாறினார். களை ஒரு கிழமை பிந்திப் பிடுங்கப்பட்டது. விளைச்சல் சிறிது குறைந்தாலும் குடும்பத்தின் அடி அத்திவாரம் ஆடவில்லை.

1990 இலும், 1995 ஒக்டோபர் 30 இலும், 2009 வரையான இறுதிப் போர்க் காலத்திலும் ஊரைவிட்டு எழுந்த குடும்பங்களின் நிலை வேறு. காணி இன்னும் கைக்கு வராதவர்களும், காணி வந்தும் கிணறும் முதலும் இல்லாதவர்களும் பிறருடைய நேரக் கணக்குக்கு வேலை செய்கிறார்கள். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. இரண்டு கிழமை போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுகிறார். ஆகவே துக்கப்பட்டவர் அழுகையை அடக்கிக்கொண்டு வேலைக்கு வருகிறார். வேலை பிழைக்கிறது, ஏச்சு வாங்குகிறார், ஒருநாள் வராமலே நின்றுவிடுகிறார். குடும்பத்தில் உழைத்த ஒருவரைச் சாவு கொண்டுபோனது. மற்றவரின் தொழில் எமது கவனக் குறைவினால் போய்விடுகிறது. இரண்டாவது இழப்பை நாம் தடுக்க முடியும்.

துக்கம் உடம்பிலும் இருக்கிறது

துக்கம் மனதோடு மட்டும் நிற்பது என நாம் நினைக்கிறோம். அது உடம்பையும் பிடிக்கிறது. நித்திரை குறைகிறது. சாப்பாடு இறங்குவதில்லை. கை கால் ஓய்ந்து போகிறது. நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது. சொன்னது மறந்துபோகிறது; தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது. இதைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ எண்ணுவது தவறு. அடிபட்ட கால் நொண்டுவதுபோல அடிபட்ட மனமும் சில காலம் நொண்டுகிறது.

இதனால் வேலைத்தலத்தில் ஆபத்தும் உண்டு. உழவு இயந்திரம் ஓட்டுபவர், சூடடிக்கும் இயந்திரத்துக்குக் கதிர் கொடுப்பவர், ஆலையில் பட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர், பனை ஏறுபவர், மருந்து தெளிப்பவர் ஆகியோருக்கு ஒரு கணக் கவனக் குறைவு போதும். எனவே முதற்சில கிழமைகளுக்கு இவ்வகை வேலைகளை மற்றொருவர் பொறுப்பெடுப்பது நல்லது. துக்கப்பட்டவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நாற்றுக் கட்டுதல், வெங்காயம் துப்புரவாக்குதல், சாக்குத் தைத்தல் போன்ற வேலைகளில், தனியே விடாமல், இன்னொருவரோடு சேர்த்து விடலாம்.

துக்கம் ஒரே நேர்க்கோட்டில் குறைந்து போவதும் இல்லை. சுவிற்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-றொஸ் 1969 இல் ஒரு நூலில் ஐந்து நிலைகளைப் பற்றி எழுதினார்: மறுத்தல், கோபம், பேரம் பேசல், மனச்சோர்வு, ஏற்றுக்கொள்ளல். இந்த ஐந்தையும் படிக்கட்டுப்போல எல்லோரும் வரிசையாக ஏற வேண்டும் எனப் பலர் போதிக்கிறார்கள். அவர் முதலில் இவற்றைக் கண்டது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளரிடத்தில். உறவை இழந்தவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் போவதில்லை. ஒருவர் கோபப்படாமலே இருக்கலாம். இன்னொருவர் ஆறுதலடைந்து ஆறு மாதம் கழித்து மீண்டும் உடைந்து போகலாம். இரண்டும் இயல்பே.

நெதர்லாந்தில் ஆய்வு செய்த மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்குட் ஆகிய இருவரும் 1999 இல் வேறொரு விளக்கத்தைத் தந்தார்கள். துக்கப்பட்டவர் ஒரு நேரம் இழப்பை நினைத்து அழுகிறார். இன்னொரு நேரம் பிள்ளையின் பள்ளிக்கூடம், கடன், சமையல், வேலை என்று வாழ்வைக் கவனிக்கிறார். இப்படி இரு பக்கமும் மாறி மாறிப் போய்வருவதே ஆறும் வழி என்பது அவர்கள் கருத்து. எமது அனுபவத்துக்கும் இது பொருந்துகிறது. காலையில் விம்மியவள் மத்தியானம் தோழியோடு சிரித்தால், "புருசன் செத்து ஒரு மாதம் ஆகேல்லை, சிரிக்கிறாள் பார்" என்று சொல்லும் நாவை அடக்குவோம். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கிடைத்த மூச்சு. வேலையும் அவ்வாறே. அளவோடு இருந்தால் அது மருந்தாகிறது. அளவு மீறினால் சுமையாகிறது.

முடிவு தெரியாத துக்கம்

எமது மாவட்டங்களில் இன்னொரு துக்கமும் உண்டு. மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய், கணவனைப் பற்றிய செய்திக்காகக் காத்திருக்கும் மனைவி ஆகியோரின் துக்கம் அது. அமெரிக்க அறிஞர் பொலின் பொஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என்று விளக்கினார். இங்கே உடல் இல்லை, நாள் இல்லை, சடங்கு இல்லை. அழுதால் அவனைச் சாகக் கொடுத்ததாகிவிடும். அழாவிட்டால் நெஞ்சு வெடிக்கும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கியதை நாம் அறிவோம். அதற்குப் பின் பதில் கிடையாமலே கண்ணை மூடிய பெற்றோரும் உண்டு.

இத்தகையோர் எம்மோடு வேலை செய்யும்போது நாம் இரண்டு காரியங்களைத் தவிர்க்க வேண்டும். "இனி வரமாட்டான், மறந்துவிடு" என்று சொல்லக்கூடாது. "கட்டாயம் வருவான்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. இரண்டும் எமக்குத் தெரியாதவை. "நீங்கள் தேடுவது நியாயம், நாங்கள் உங்களோடு இருக்கிறோம்" என்பதே உண்மையான சொல். விசாரணைக்கோ பதிவுக்கோ போகவேண்டிய நாளில் அவருக்கு விடுப்புக் கொடுப்பதும், அந்த நாளுக்காக அவரது இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதிருப்பதும் அதைவிடப் பெரிய ஆறுதல்.

2016 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, காணாமற்போனவரின் குடும்பத்தினர் மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாவிட்டால், அவர் காணப்படவில்லை என்பதை அறிவிக்கும் சான்றிதழைப் பெறலாம். இது மரணத்தை ஒப்புக்கொள்வதாகாது. எதைப் பெறுவது, பெறாமல் விடுவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்க வேண்டும். கூடவேலை செய்பவரோ முதலாளியோ அதிகாரியோ அவர்களை நெருக்கக்கூடாது.

வேலைத்தலத்தில் நாம் செய்யக்கூடியவை

1. செய்தி வரும் நேரம். சாவுச் செய்தி பெரும்பாலும் தொலைபேசியில் வருகிறது. அதை எல்லோர் முன்னும் உரத்துச் சொல்லாமல், நம்பிக்கையான ஒருவர் அவரை நிழலுக்கு அழைத்துச் சென்று, இருத்தி, தெளிவாகவும் சுருக்கமாகவும் சொல்லட்டும். பொய் சொல்லி அனுப்பினால் வழியில் பிறர் வாயால் அறிந்து துடிப்பார். தனியே சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ விடாதீர்கள். ஒருவர் கூடப் போகவேண்டும். அன்றைய கூலியை முழுமையாகக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

2. இல்லாத நாட்களில். மேற்பார்வையாளரோ குழுத்தலைவரோ செத்தவீட்டுக்குப் போவது முக்கியம். "உங்கடை வேலை உங்களுக்குத்தான். யோசியாதேங்கோ, ஆறுதலாய் வாங்கோ" என்ற ஒரு வார்த்தை அந்தக் குடும்பத்தின் பாதிப் பயத்தைப் போக்கும். சாவின் காரணத்தைப் பற்றி வேலைத்தலத்தில் கதை பரப்பாதீர்கள். தற்கொலையாயின் இது இன்னும் முக்கியம்.

3. திரும்பி வரும் முதல் நாள். பலர் என்ன சொல்வதென்று தெரியாமல் விலகிப் போகிறார்கள். விலகுபவரின் கூச்சத்தைத் துக்கப்பட்டவர் வெறுப்பு என்று எண்ணுகிறார். நீண்ட பேச்சு வேண்டியதில்லை. "அக்கா, நான் பக்கத்து வரியிலைதான் நிக்கிறன். ஏதும் வேணுமெண்டால் கூப்பிடுங்கோ" என்றால் போதும். இறந்தவரின் பெயரைச் சொல்லப் பயப்பட வேண்டாம். "அண்ணை நல்லாய் வரம்பு கட்டுவார்" என்று நினைவுகூர்வது பலருக்கு ஆறுதல் தருகிறது. அவர் பேச விரும்பாவிட்டால் அதையும் மதிப்போம்.

4. சொல்லக்கூடாதவை. "எல்லாம் விதி", "கடவுள் விரும்பியவரை அழைக்கிறார்", "வயது போனதுதானே", "இன்னொரு பிள்ளை இருக்குத்தானே", "எனக்கு நடந்ததோடு பார்த்தால் இது என்ன" ஆகியவை நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும் புண்ணில் உப்பாகின்றன. விசுவாசம் ஆறுதல் தருவது உண்மையே. ஆனால் அதைத் துக்கப்பட்டவர் தாமே தேடும்போது பகிர்வோம். அவர் வாயை மூடுவதற்குப் பாவிக்காதிருப்போம்.

5. வேலை அளவு. முதல் மாதத்தில் துண்டு வேலைக் கணக்கையும் தொழிற்சாலை இலக்கையும் குறைத்துக் கொடுக்கலாம். எத்தனை நாளுக்கு என்பதை முன்கூட்டியே பேசி, மாத முடிவில் மீண்டும் பேசுங்கள். சலுகை என்பது முடிவில்லாத இரக்கமாக இருந்தால் பெறுபவரும் கூசுவார், மற்றவர்களும் முணுமுணுப்பார்கள்.

6. நினைவு நாட்கள். எட்டு, முப்பத்தொன்று, ஆண்டுத் திவசம், கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 ஆகிய நாட்களில் துக்கம் புதிதாகிறது. கணவனை இழந்த முஸ்லிம் சகோதரிக்கு நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட இத்தாக் காலம் உண்டு. டிசம்பர் 26 வந்தால் 2004 இல் கடல் கொண்டுபோனவர்களின் வீடுகளும், ஏப்ரல் 21 வந்தால் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்த வீடுகளும், மே மாதம் வந்தால் 2009 இன் வீடுகளும் கலங்குகின்றன. குழுவின் வரவுப் புத்தகத்தில் இந்த நாட்களைக் குறித்து வைத்து, அன்று விடுப்புக் கேட்டால் கேள்வி கேளாமல் கொடுங்கள்.

கைம்பெண்களுக்கு நீதி

கணவனை இழந்த பெண்ணை ஏர் பூட்டும் நாளிலும், விதைப்புத் தொடங்கும் நாளிலும், புதிர் எடுக்கும் நாளிலும் ஒதுக்கி வைக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. "முழிவியளம் சரியில்லை" என்று சொல்லி முதல் நாள் வேலைக்கே கூப்பிடாமல் விடுகிறார்கள். அந்த நாட்கூலி அவளுடைய பிள்ளைகளின் சோறு. துக்கத்தின் மேல் பசியையும் அவமானத்தையும் ஏற்றும் இவ்வழக்கத்தை எந்தச் சமயத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. அவளை முதல் வரியில் நிறுத்தி வேலை தொடங்குவோம். ஆண் துணை இல்லாதவள் என்று கூலியைக் குறைப்பதும், இரவு வேளையில் கணக்குப் பார்க்க அழைப்பதும் துக்கத்தைச் சுரண்டுவதாகும். குழுவாக நின்று இவற்றைத் தடுப்போம்.

ஆண்களின் துக்கத்தையும் மறக்கக்கூடாது. அழுவது ஆணுக்கு அழகல்ல என்று வளர்க்கப்பட்டவர் கள்ளிலும் கசிப்பிலும் அதைப் புதைக்கப் பார்க்கிறார். மனைவியை இழந்தவர் காலையில் பிள்ளைகளை வெளிக்கிடுத்திப் பள்ளிக்கு அனுப்பிவிட்டே வரவேண்டும். அவருக்கு அரைமணி நேரம் பிந்தி வர இடம் கொடுப்பது பெரிய உதவி.

நட்டம் யாருக்கு?

"அறுவடை நேரத்தில் ஆள் வராவிட்டால் எனக்கு நட்டம்" என்று வயல்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பெரும்போக நெல் மழைக்குக் காத்திராது. சிறு கமக்காரர் ஒருவர் தனியே இந்தச் செலவைத் தாங்க முடியாது. ஆகவே சுமையைப் பங்கிடுவோம். பத்துப் பேர் கொண்ட குழுவில் நாட்கூலி 2,000 ரூபா எனக் கொள்வோம். மற்ற ஒன்பது பேரும் வயல்காரரும் ஆளுக்கு 200 ரூபா போட்டால் துக்கப்பட்டவருக்கு ஒருநாள் கூலி சேர்ந்துவிடுகிறது. மூன்று நாளுக்கு ஆளுக்கு 600 ரூபா. இருபது பேர் கொண்ட மாதர் சங்கம் கிழமைக்கு 50 ரூபா வீதம் சேர்த்தால் ஆண்டில் 52,000 ரூபா திரளும். எமது மரண உதவிச் சங்கங்கள் பெட்டிக்கும் பந்தலுக்கும் கொடுக்கின்றன. அதில் ஒரு பகுதியைச் செலவு முடிந்த பின் வரும் மாதத்துக்கென ஒதுக்கும்படி அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசுங்கள். ஆடம்பரமான பந்தலைவிட இரண்டாம் மாதத்து அரிசி தேவையானது.

தெரிந்திருக்க வேண்டிய உரிமைகள்

கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்பவருக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் ஆண்டில் 14 நாள் வருடாந்த விடுமுறையும், சொந்த அலுவல், சுகவீனம் போன்ற காரணங்களுக்கு 7 நாள் விடுமுறையும் சம்பளத்தோடு வழங்குகிறது. முதலாம் ஆண்டில் இருப்பவருக்கு இவை குறைவாகவே உண்டு. சாவு வீட்டுக்காக இவற்றைக் கேட்பது பிச்சையல்ல.

இறந்தவர் ஆலையிலோ தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்தவராயின் குடும்பத்தினர் பின்வருவனவற்றை விசாரிக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதியில் (1958 ஆம் ஆண்டுச் சட்டம்) ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டியிருக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் (1980) முதலாளி 3 வீதம் கட்டியிருக்க வேண்டும். இவை பின்னுரித்தாளருக்கோ சட்டப்படியான உரித்தாளருக்கோ சேரும். ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்திருந்தால், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பணிக்கொடை உண்டு (1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம்). வேலையின்போது வேலை காரணமாக நேர்ந்த சாவென்றால் 1934 ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவரில் தங்கியிருந்தோர் நட்டஈடு கோரலாம். தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் இவை பற்றிக் கேட்கலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான கமக்காரர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவராயின் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். கிழமைத் தவணைக் கடன் இருந்தால், எடுக்கும்போது காப்புறுதி பிடிக்கப்பட்டதா என்பதைக் கேட்டறியுங்கள். துக்கத்தில் இருப்பவருக்குக் கடதாசி வேலை மலைபோலத் தெரியும். எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் குழு கூட அனுப்பினால் அதுவே மிகப் பெரிய ஆறுதல் பணி.

வேறு உதவி தேவைப்படும்போது

பெரும்பாலான துக்கம் குடும்பத்தினதும் அயலினதும் துணையோடு ஆறுகிறது. போர் எமது மக்களின் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்தியது என்பதை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியுள்ளார். ஆறுதலும் கூட்டாகவே வரவேண்டும். எனினும் சிலருக்குத் துக்கம் ஆறாமல் உறைந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேலும் கடுமை குறையாமல் அன்றாட வாழ்வை முடக்கிவிடும் துக்கத்தை, 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு மருத்துவ உதவி தேவைப்படும் நிலையாகக் கொள்கிறது.

பல கிழமை நித்திரையின்மை, உணவை வெறுத்தல், பிள்ளைகளைக் கவனியாமை, இடைவிடாத குடி, "நானும் போய்விட்டால் நல்லது" என்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். சாகும் எண்ணம் உண்டா என்று அன்போடு நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்காது. மனதில் உள்ளதைச் சொல்ல வழி திறக்கும்.

கமம் செய்யும் வீடுகளுக்கு இன்னொன்று. 1995 இல் எமது நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கடும் நச்சுப் பூச்சிகொல்லிகள் 1995 இலும் 1998 இலும் தடைசெய்யப்பட்டபின், 2005 அளவில் அந்த வீதம் பாதியாகக் குறைந்தது. எட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதபோது பல உயிர்கள் தப்பின. ஆகவே துக்கம் நடந்த வீட்டில் மருந்துப் போத்தல்கள் இருந்தால் அவற்றை அயலவரின் பூட்டிய அறைக்கு மாற்றிவிடுங்கள். இதைச் சத்தமில்லாமல் செய்யலாம்.

இந்தப் பெரும்போகத்துக்கு முன்

உங்கள் குழுவோ சங்கமோ கூடும்போது மூன்று தீர்மானங்களை எடுங்கள். சாவு நிகழ்ந்த வீட்டாரின் வேலை இடம் முப்பத்தொரு நாளுக்கு அவருக்கே ஒதுக்கப்படும். முதல் மூன்று நாள் கூலியைக் குழு பங்கிட்டுக் கொடுக்கும். செத்தவீட்டுக்குப் போவதற்கும், திரும்பி வரும் நாளில் கூட நிற்பதற்கும், அலுவலகங்களுக்குக் கூடப் போவதற்கும் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்படுவார். இவற்றைக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையொப்பம் இடுங்கள். எழுதப்படாத இரக்கம் முகத்தைப் பார்த்துக் கொடுக்கப்படும். எழுதி வைத்தால் ஏழைக்கும் புதிதாக வந்த குடும்பத்துக்கும் அது சமமாகக் கிடைக்கும்.

நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்தபோது நாம் தூக்கி வந்தவை சில பாத்திரங்களும் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் பழக்கமுமே. அந்தப் பழக்கத்தைச் செத்தவீட்டுப் படலையோடு நிறுத்தாமல் வயல் வரம்புக்கும் ஆலை வாசலுக்கும் கொண்டுபோவோம்.